மண்புழுக் களஆய்வு (புவேர்ட்டோ ரிக்கோ)

மண்புழுக் களஆய்வு என்பது ஓரிடத்து மண்ணில் எந்தெந்த இனப் புழுக்கள், எத்தனை, எந்த ஆழத்தில் வாழ்கின்றன என்று தோண்டி எடுத்துக் கணக்கிடும் பணி ஆகும். கரிபியக் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் லுக்கில்லோ மலைக்காடுகளில் இப்பணி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. தீவுக்கே உரிய புழுக்கள் இன்னும் எங்கே எஞ்சியுள்ளன என்பது அங்கு முதன்மையான கேள்வி.

கரும்பு, காப்பி, மேய்ச்சல் ஆகியவற்றுக்காகத் தீவின் காடு பெருமளவில் அழிக்கப்பட்டது. 1940களில் எஞ்சியிருந்தது 10 சதவீதத்துக்கும் குறைவு. காடு போன இடங்களில் பரவிய புழு பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ். தென் அமெரிக்காவின் கயானா பகுதியைத் தாயகமாகக் கொண்டதாகக் கருதப்படும் இது, செடிகளின் வேர்மண்ணோடு வெப்பமண்டலம் முழுவதும் சென்றுவிட்டது. இலங்கையிலும் கேரளத் தோட்டங்களிலும் உண்டு. கன்னி இனப்பெருக்கம் செய்வதால் ஒரே ஒரு புழு வந்து சேர்ந்தாலும் போதும். மண்புழுக்கள் இப்படிக் கடல் கடப்பது புதிதன்று. தமிழ்நாட்டு மாணவர்கள் பாடத்தில் படிக்கும் தென்னிந்தியப் புழுவான லாம்பிட்டோ மாரிட்டியின் பெயரில் இருப்பது மொரீசியஸ் தீவே.

ஆய்வு நாள் காலணியைக் கழுவுவதில் தொடங்குகிறது. ஒட்டியிருக்கும் சேற்றில் ஒரு கக்கூன் இருந்தாலும் அயல் இனம் காட்டுக்குள் போய்விடும். தேசியக் காட்டில் மாதிரி எடுக்க அனுமதியும் வேண்டும். மலையின் கீழ்ச்சரிவில் தபொனூக்கோ மரங்கள் நிறைந்த காட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எனவே மழைக்கிடையில்தான் வேலை.

25 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, முதலில் சருகை அள்ளித் தனியே தேடுவர். சருகில் வாழும் இனங்கள் வேறு, மண்ணுக்குள் வாழ்பவை வேறு. பிறகு 10 சென்டிமீட்டர் அடுக்குகளாக 30 சென்டிமீட்டர் ஆழம் வரை தோண்டி, மண்ணை வெள்ளைத் தட்டில் கொட்டி விரலால் உதிர்ப்பர். இந்தக் களிமண் ஈரத்தில் பிசைந்த மாவுபோல ஒட்டும். ஒவ்வொரு கட்டியையும் உடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு குழிக்கே நெடுநேரம் பிடிக்கும். கடுகுத்தூள் கரைத்த நீரை ஊற்றினால் புழுக்கள் எரிச்சல் தாங்காமல் மேலே வரும் என்பது உண்மைதான். ஆனால் இறுகிய களிமண்ணில் அந்நீர் சரியாக இறங்காது. கைக்கு ஈடு இல்லை.

மண்வெட்டியில் துண்டான புழுவை இரண்டாக எண்ணிவிடக் கூடாது. தலைப்பகுதியை மட்டுமே எண்ணுவது வழக்கம். கிடைத்த எண்ணிக்கையை 16ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அளவு வரும். குழியில் 7 புழு என்றால் 112.

இந்த எண் மட்டும் ஏமாற்றும். புழு அதிகமிருந்தால் மண் நலமாக உள்ளது என்று பொதுவாகச் சொல்லித் தருகிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோவின் மேய்ச்சல் நிலங்களில்தான் புழுக்கள் மிக அதிகம். ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே பொன்டோஸ்கோலெக்ஸ். பிரேசிலின் மனாவுஸ் அருகே காடழித்த மேய்ச்சல் நிலங்களில் இதே புழுவின் எச்சம் மேல்மண்ணை இறுகச் செய்து நீர் இறங்குவதைத் தடுத்ததாக 1999இல் ஓர் ஆய்வு வெளியானது.

ஆகவே இனம் அறிவதே ஆய்வின் உயிர். அதற்குக் கிளைடெல்லம் வளர்ந்த முதிர்ந்த புழு வேண்டும். குஞ்சுகளை உருவத்தால் பிரித்தறிவது கடினம். பொன்டோஸ்கோலெக்ஸ் மட்டும் ஓரளவு எளிது: வால் முனையில் நுண்முட்கள் வரிசை மாறி அமைந்திருப்பதால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். மற்றவற்றை நீர்த்த ஆல்கஹாலில் தளரவிட்டு, நீட்டிக் கிடத்திப் பாதுகாப்பர். உடலமைப்பைப் பார்க்க ஃபார்மலின் நல்லது. மரபணு ஆய்வுக்கு அது உதவாது என்பதால் சில புழுக்கள் செறிந்த எத்தனாலுக்குப் போகும். மாலையில் தோண்டிய மண்ணும் சருகும் அதே குழிக்குத் திரும்புகின்றன.

கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் காடு மீண்டும் வளர வளர, மொத்தப் புழு எண்ணிக்கை குறைகிறது. ஆனால் எஸ்தெரெல்லா போன்ற தீவின் சொந்த இனங்கள் முதிர்ந்த மறுவளர்ச்சிக் காடுகளில் மீண்டும் தென்படுகின்றன. அயல் புழு விலகுவதில்லை. இரண்டும் ஒரே குழியில் சேர்ந்தே கிடைக்கின்றன.