வாடகைக் காரை எங்கே எடுப்பது?
ஐரோப்பா செல்லும் வியாபாரிகளுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

மாணிக்கக்கல் வியாபாரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கின்றேன். யாராவது ஒரு கல்லைக் கையில் தந்து விலை சொன்னால், அதன் நிறை, நிறம், வெட்டு, சூடேற்றிய கல்லா இல்லையா என்று நாலு பக்கமும் புரட்டிப் பார்த்த பிறகுதான் நாம் வாய் திறப்போம். அப்படிப்பட்ட நான் 2014 ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஒரு வாடகைக் காரை விலையை மட்டும் பார்த்துப் பதிவு செய்தேன். மிச்சம் பிடித்தது 60 யூரோ. இழந்தது ஒரு நல்ல வாடிக்கையாளரை.

வியாபார நிமித்தம் ஐரோப்பா சென்று வரும் நம்மவர்கள் பலர் இன்று அங்கு வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டிச் செல்கின்றனர். என்ன கார், நாளுக்கு என்ன வாடகை என்று விசாரிப்பவர்கள், அதை எந்த இடத்தில் எடுப்பது என்பதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. என் அனுபவத்தில் செலவையும் நேரத்தையும் தீர்மானிப்பது இந்த இடம்தான்.

அன்று நடந்தது

நான் போக வேண்டியிருந்த ஊர் இடார்-ஒபர்ஸ்டைன். பேருவளை, சீனன்கோட்டை வியாபாரிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பல நூற்றாண்டுகளாகக் கல் வெட்டுவதற்குப் பெயர்போன இடம். பிராங்பேர்ட் விமான நிலையத்திலிருந்து வீதி வழியாக ஏறத்தாழ 120 கிலோமீற்றர். ஊருக்குள் ரயில் போகும். ஆனால் பட்டறைகள் பல சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் இருப்பதால் கார் இல்லாவிட்டால் கஷ்டம்.

அப்படியொரு கிராமத்தில் பட்டறை வைத்திருப்பவருடன் சனிக்கிழமை பிற்பகல் 4 மணிக்குச் சந்திப்பு. மறுநாள் அவர் ஹொங்கொங் கண்காட்சிக்குப் புறப்படுகின்றார். நான் சனிக்கிழமை காலை பிராங்பேர்ட்டில் இறங்குவதாக ஏற்பாடு. விமான நிலையத்தில் கார் எடுத்தால் வாடகை கூடுதல் என்பதால், அரை மணித்தியால ரயில் தூரத்திலுள்ள மைன்ஸ் நகரக் கிளையொன்றில் பதிவு செய்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்தேன்.

விமானம் இரண்டரை மணித்தியாலம் தாமதம். கற்களுக்கான சுங்க வேலை இன்னும் ஒரு மணித்தியாலத்தை எடுத்தது. மைன்ஸ் கிளையின் வாசலில் நான் நின்றபோது நேரம் 12.20. கிளை 12 மணிக்கே பூட்டியாகிவிட்டது. இனித் திறப்பது திங்கட்கிழமை காலை. தொலைபேசியில் பேசியபோது, நான் உரிய நேரத்துக்கு வராததால் கட்டிய பணம் திரும்பாது என்றார்கள்.

உண்மையைச் சொல்வதானால், அந்த நிமிடமே ரயில் ஏறியிருந்தால் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். நானோ கட்டிய காசை மீட்பதற்காகத் தொலைபேசியும் கையுமாக நின்றேன். பிறகு வேறு கார் பிடிக்க விமான நிலையத்துக்குத் திரும்பினேன். அங்கே முன்பதிவில்லாமல் கேட்ட விலை, நான் கட்டியதைப் போல் மூன்று மடங்கு. அதுவும் கியர் மாற்றி ஓட்டும் கார்தான் இருந்தது. கடைசியில் ரயிலிலும் டாக்ஸியிலும் பட்டறைக்குப் போனபோது மாலை 6.30. கதவு பூட்டியிருந்தது. அவர் கோபிக்கவில்லை. அந்த மாதம் தேவையான நீலக்கற்களை ஹொங்கொங்கில் வேறொருவரிடம் எடுத்துவிட்டதாகப் பின்னர் எழுதியிருந்தார்.

ஊருக்கு வந்து இதை ஒரு மூத்த வியாபாரியிடம் சொன்னேன். "தம்பி, கடை வாடகை குறைவு என்டு சனம் வராத சந்தில கடை போடுவீங்களா? காரும் அப்படித்தான்" என்றார் அவர்.

விமான நிலையமா, நகரக் கிளையா?

விமான நிலையங்களிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் உள்ள கவுண்டர்களில் எடுக்கும் காருக்கு, பல நாடுகளில் இடத்துக்கென்று ஒரு மேலதிகக் கட்டணம் சேரும். நகரக் கிளைகளில் அது இல்லாததால் விலை குறைவாகத் தெரியும். ஆனால் அந்த மேலதிகப் பணத்துக்கு ஒரு பயன் உண்டு. பெரிய விமான நிலையக் கவுண்டர்கள் காலை முதல் இரவு வரை, வாரத்தின் 7 நாட்களும் திறந்திருக்கும். கார்களும் அதிகம் நிற்கும். பதிவின்போது விமான இலக்கத்தைக் கொடுத்துவிட்டால், விமானம் தாமதமானாலும் பெரும்பாலும் காரை வைத்திருப்பார்கள்.

நகரக் கிளைகள் அப்படியல்ல. ஜேர்மனியில் பல கிளைகள் சனிக்கிழமை நண்பகலோடு பூட்டப்படும். ஞாயிறு முழு நாளும் பூட்டு. பிரான்ஸின் சிறு நகரங்களில் பகல் உணவு நேரத்திலும் கதவை மூடிவிடுவார்கள். ஆகவே சனி, ஞாயிறு தினங்களில் இறங்குபவர்கள் விமான நிலையத்திலேயே எடுப்பது நல்லது. வார நாளில், நேரம் கையிலிருந்தால் மட்டும் நகரக் கிளையைப் பாருங்கள்.

மிச்சம் இருப்பது நாட்களில்

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 7 நாட்களுக்கு விமான நிலையத்தில் 420 யூரோ, நகரக் கிளையில் 340 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80. இரண்டு பேர் அந்தக் கிளைக்குப் போகவும் திரும்பவும் ரயிலுக்கு 40 கொடுத்தால், மிச்சம் 40 யூரோதான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு இது ஒரு பெரிய தொகையல்ல.

ஆனால் முதல் 2 நாட்களும் உங்களுக்குப் பிராங்பேர்ட் நகருக்குள்தான் வேலை என்றால் கதை வேறு. அங்கே ரயிலும் டிராமும் எங்கும் போகும். கார் ஹோட்டல் தரிப்பிடத்தில் சும்மா நிற்கும். அதற்கும் நாளுக்கு 25 யூரோ என்றால் மொத்தச் செலவு 470. மாறாக, நகரத்து வேலையை முடித்துவிட்டு, மூன்றாம் நாள் நகரக் கிளையில் 5 நாட்களுக்கு மட்டும் எடுத்தால் 250 யூரோவோடு முடியலாம். பெரிய மிச்சம் கிளையை மாற்றுவதில் அல்ல, தேவையற்ற நாட்களை வெட்டுவதில்தான் இருக்கின்றது.

இன்னொன்று. வாடகை நாள் என்பது 24 மணித்தியாலம். காலை 9 மணிக்கு எடுத்த காரை நண்பகல் 12 மணிக்குத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் இன்னொரு நாள் வாடகை விழும். எடுக்கும் நேரத்தைக் குறிக்கும்போதே கொடுக்கும் நேரத்தையும் யோசித்துக் குறியுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பிராங்பேர்ட்-ஹான் என்றொரு விமான நிலையம் உண்டு. பெயரில்தான் பிராங்பேர்ட், இருப்பதோ நகரத்திலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தொலைவில். இடார்-ஒபர்ஸ்டைனுக்கு அது கிட்ட என்பது வேறு விடயம். ஆனால் பெரிய விமான நிலையத்தில் இறங்கியவருடைய கார் ஹானில் நின்றால் அன்றைய நாள் போய்விடும். மிலானோவின் பெயரில் விற்கப்படும் பெர்காமோ விமான நிலையம் அந்நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பாரிஸின் பெயரைத் தாங்கிய போவே ஏறத்தாழ 85 கிலோமீற்றர். விமான டிக்கட்டிலுள்ள மூன்றெழுத்துக் குறியீடும் கார் பதிவிலுள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பாஸல் விமான நிலையம் இன்னொரு புதினம். அது முழுவதும் பிரான்ஸ் மண்ணில் இருக்கின்றது. பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து நடத்துகின்றன. பிரான்ஸ் பக்கம், சுவிஸ் பக்கம் என இரண்டு பக்கங்களிலும் வாடகைக் கார் கவுண்டர்கள் உள்ளன. ஒரே கூரையின் கீழ் இரண்டு விலை! ஜெனீவாவிலும் இவ்வாறு பிரான்ஸ் பக்கம் உண்டு. விலை குறைந்த பக்கத்தில் எடுக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓட 40 பிராங் பெறுமதியான வருட அனுமதி வேண்டும். சுவிஸ் பக்கக் கார்களில் அது வழமையாக இருக்கும். பிரான்ஸ் பக்கக் காரென்றால் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

எல்லை தாண்டுவோர் கவனத்துக்கு

ஒரு நாட்டுக்குள் ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்குப் பெரும்பாலும் அதிகம் கேட்பதில்லை. ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவதென்றால், அதற்கான கட்டணம் சில வேளைகளில் வாடகையையே விஞ்சிவிடும். முடிந்தவரை எடுத்த நாட்டிலேயே விடுங்கள். இரு நாடுகளுக்கு இடையிலான நீண்ட தூரத்தை ரயிலில் கடந்து, தேவையான இடத்தில் புதிதாக எடுப்பது அநேகமாக இலாபம்.

நமது தொழிலுக்கு இதிலும் பெரிய விடயம் ஒன்றுண்டு. ஷெங்கன் விசா ஒன்றே என்பதால் ஜேர்மனியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் காரில் போகும்போது பலர் எல்லையையே மறந்துவிடுகின்றனர். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வலயத்தில் இல்லை. பையில் கற்கள் இருந்தால் எல்லையில் நின்று சுங்கத்துக்குக் காட்டியே ஆகவேண்டும். கார் ஓடுகின்ற வேகத்தில் இதை மறந்தால், தண்டத்தோடு கற்களும் சிக்கலில் மாட்டும்.

இத்தாலிக்கு, குறிப்பாக விசென்ஸா நகைக் கண்காட்சிக்குப் போகின்றவர்கள், பழைய நகரங்களின் நடுவில் கார் எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. அனுமதியற்ற வாகனங்கள் நுழையக் கூடாத வலயங்களை அங்கே கமெராக்கள் காவல் காக்கின்றன. தண்டக் கடிதம் மாதங்கள் கழித்து ஊருக்கு வரும். உங்கள் விபரத்தைக் கொடுத்ததற்காக வாடகைக் கம்பனியும் தனியாக ஒரு தொகையைக் கடனட்டையில் கழிக்கும்.

கவுண்டருக்குப் போகுமுன்

1. ஓட்டுபவரின் பெயரிலேயே கடனட்டை இருக்க வேண்டும். சகோதரரின் அட்டை, கம்பனிப் பங்காளியின் அட்டை செல்லாது. பிணையாக ஒரு தொகையை அட்டையில் முடக்குவார்கள். அதற்குப் போதிய எல்லை இருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒப் சிலோனில் பெறலாம்.

3. ஓட்டோ கியர் கார் வேண்டுமென்றால் அதைக் குறிப்பிட்டே பதிவு செய்யுங்கள். சிறிய கிளைகளில் அது எப்போதும் இருக்காது.

4. காரைச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக உயிர் இருக்கின்றது. நாம் வீதியின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம். இரவெல்லாம் விமானத்தில் தூங்காமல் வந்து, பழக்கமில்லாத பக்கத்தில் உட்கார்ந்து, விமான நிலைய வாசலிலிருந்து நேராக நெடுஞ்சாலையில் ஏறுவது புத்திசாலித்தனமல்ல. சிறிய நகரமொன்றில் ஓரிரவு தூங்கி எழுந்து, பகல் வெளிச்சத்தில் கார் எடுப்பதற்கு ஒரு ஹோட்டல் வாடகை செலவானால் அது வீண் செலவாகாது.

2023 இல் மீண்டும் அதே ஊருக்குப் போனேன். வியாழக்கிழமை இறங்கி, ரயிலில் மைன்ஸ் சென்று, இரவு தங்கினேன். வெள்ளி காலை 9 மணிக்கு நகரக் கிளையில் கார். திருப்பிக் கொடுப்பதோ பிராங்பேர்ட் விமான நிலையத்தில். அதற்கான சிறு தொகையை முன்கூட்டியே கேட்டு அறிந்திருந்தேன். அதே பட்டறைக்குச் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். அன்று அவர் எடுத்தது இரண்டு கற்கள்தான். ஆனால் ஒன்பது வருடங்களாகப் பூட்டிக் கிடந்த கணக்கு மீண்டும் திறந்தது.