தலைக்கு எவ்வளவு?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்)

சென்ற பொங்கலுக்கு என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பருத்திப்பட்டு வந்திருந்தார். அங்கே அவருக்குக் கட்டட வேலை. "அந்த நாட்டு அரசு தலைக்கு எவ்வளவு செலவழிக்கிறது பாருங்கள்!" என்று ஒரு பெரிய தொகையைப் பெருமையோடு படித்துக் காட்டினேன். "அந்தத் தலையில் என் தலையும் உண்டாடா?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். பத்தாவதோடு நின்ற அண்ணனுக்குப் பதில் சொல்ல இயலாமல் விழித்தேன்.

நண்பர்களே, 'தலைக்கு' என்பது வெறும் வகுத்தல் கணக்குதான். அரசின் செலவை மக்கள் தொகையால் வகுக்கிறோம். சில இலட்சம் பேரைச் சேர்த்தாலும் விட்டாலும் இந்தியாவின் விடை அசையாது. சிறிய, செல்வம் மிக்க நாட்டில் அப்படியன்று. 2024 ஜூன் கணக்குப்படி சிங்கப்பூரில் இருப்போர் 60.4 இலட்சம். அவர்களுள் குடிமக்கள் 36.4 இலட்சம், நிரந்தரவாசிகள் 5.4 இலட்சம். மீதி 18.6 இலட்சம் பேர் அண்ணனைப் போல் வேலைக்கோ, படிப்புக்கோ வந்தவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களுமே.

குடிமக்களுக்கு மட்டும் ஆளுக்கு 100 வெள்ளி தரும் ஒரு திட்டத்தை எண்ணிப் பாருங்கள். மொத்தத் தொகையை எல்லோராலும் வகுத்தால் 60 வெள்ளி வரும். அந்த 60 வெள்ளியை வாங்கியவர் நாட்டில் ஒருவருமில்லை! சாலையிலும் காவலிலும் அண்ணனுக்குப் பங்குண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால் மருத்துவ மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அண்ணனுக்கு முதலாளிதான் காப்பீடு எடுக்க வேண்டும். அவரை வைத்திருப்பதற்காக மாதந்தோறும் அரசுக்குத் தீர்வையும் கட்ட வேண்டும்.

வகுபடும் எண்ணிலும் சிக்கல் உண்டு. 1955 முதல் அங்கே மத்திய சேமநிதி நடக்கிறது. 55 வயது வரை தொழிலாளி ஊதியத்தில் 20 விழுக்காடும் முதலாளி 17 விழுக்காடும் செலுத்த, பணம் அவரவர் கணக்கில் சேர்கிறது. ஆகவே அது அரசுச் செலவில் வராது. பிரான்சில் முதியோர் ஓய்வூதியம் பொதுச்செலவாகவே எண்ணப்படுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துச் சிங்கப்பூர் கஞ்சத்தனம் செய்கிறது என்றால் தகுமா?

நம் பக்கத்துப் புதுச்சேரியைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மக்கள் 12.48 இலட்சம்; தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் 30 பேர். உறுப்பினருக்கு 41,600 பேர். தமிழ்நாட்டிலோ 3.08 இலட்சம் பேர். சிறிய இடமாயினும் சட்டமன்றம் வேண்டுமே! விழுப்புரம், கடலூர் நோயாளிகளும் புதுவை அரசு மருத்துவமனைகளுக்குச் செல்கிறார்கள். செலவு அங்கே, தலைகள் இங்கே. அண்ணன் கதைக்கு நேர் எதிர்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். "கொடுக்கும்போது இல்லாத என்னை, வகுக்கும்போது மட்டும் ஏன்டா சேர்க்கிறார்கள்?" என்றார். குடிமக்கள் எண்ணாலும் ஒருமுறை வகுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.