உறைக்குள் ஓர் உறை

மாணவர்களே! ஒரு பெரிய மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவருக்கு ஸ்கேன் படம் எடுத்தாயிற்று. படம் ஒரு கட்டடத்திலுள்ள கணினியில் இருக்கிறது. மருத்துவரோ வேறொரு கட்டடத்தில் இருக்கிறார். அவர் தம் கணினியைத் திறக்கிறார். நோயாளியின் பெயர் வருகிறது, வயது வருகிறது. படம் மட்டும் வரவில்லை! கம்பி அறுந்திருந்தால் பெயரும் வந்திருக்கக் கூடாது. பெயரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் தடுக்கும் கோளாறு எது? வாருங்கள், துப்பறிவோம்.

முதலில், செய்தி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். கணினி எந்தச் செய்தியையும் முழுதாக அனுப்புவதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்புகிறது. ஒரு பொதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? 1980ஆம் ஆண்டு வெளியான ஈதர்நெட் விதிகள் இதற்கு 1500 பைட் என்று எல்லை வகுத்தன. இன்றும் பெரும்பாலான கணினிகள் அந்த அளவையே பின்பற்றுகின்றன.

மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவு, கணக்குப் பிரிவு, பார்வையாளரின் கைபேசிகள் ஆகிய எல்லாமே ஒரே கம்பிகளைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒன்றன் செய்தி மற்றொன்றுக்குப் போய்விடக் கூடாது. தனித்தனிக் கம்பி போட்டால் செலவு மிகும். எனவே ஒரே கம்பியின்மேல் பல கற்பனை வலைகளைப் பின்னுகிறார்கள். கம்பிகளும் சுவிட்சுகளும் அடித்தள வலை. அதன்மேல் மென்பொருளால் பின்னப்படுவது மேல்தள வலை. எந்தக் கணினி எந்த வலையைச் சேர்ந்தது என்பதை மையத்திலிருந்து ஒரு மென்பொருள் தீர்மானிக்கிறது. இதைத்தான் 'மென்பொருள் வரையறுத்த வலையமைப்பு' என்கிறோம்.

பழைய முறையில் ஒவ்வொரு வலைக்கும் 12 பிட்டு நீளமுள்ள எண் தரப்பட்டது. 2ஐ 12 முறை பெருக்கினால் 4096. அதில் 2 எண்கள் ஒதுக்கப்பட்டவை, எஞ்சியவை 4094. மிகப் பெரிய கணினி மையங்களுக்கு இது போதவில்லை. 2014ஆம் ஆண்டு 7348 என்ற எண்ணுள்ள இணைய ஆவணத்தில் வெளியான வி.எக்ஸ்.லேன் முறையில் 24 பிட்டு எண் உண்டு. எத்தனை வலைகள் கிடைக்கும்? 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216!

இம்முறை எப்படி வேலை செய்கிறது? எழுதிய கடிதத்தை உறையோடு இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு, வெளியே வேறு முகவரி எழுதுவது போலத்தான். ஸ்கேன் கணினி அனுப்பும் பொதி ஒரு சாதனத்தை அடைகிறது. அங்குள்ள மெய்நிகர் இடைமுகம் அதை வெளியுறையில் இடுகிறது. மறுமுனைச் சாதனம் வெளியுறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை மருத்துவரின் கணினிக்குக் கொடுக்கிறது. இந்த இரு முனைகளுக்கும் இடைப்பட்ட வழிக்குச் 'சுரங்கம்' என்று பெயர்.

இனிக் கோளாறைத் தேடுவோம். முதலில் இடைமுகத்தைப் பார்க்கிறோம். 'இயங்குகிறது' என்று காட்டுகிறது. இதை நம்பலாமா? கூடாது. உண்மையான துளையில் எரியும் விளக்கு, கம்பியில் சைகை வருவதைக் காட்டும். மெய்நிகர் இடைமுகமோ மென்பொருளில் உள்ள ஒரு பதிவுதான். அது இயங்குகிறது என்பது, வழி முழுவதும் சரி என்பதற்குச் சான்று ஆகாது.

அடுத்து, 'பிங்' என்னும் சோதனைப் பொதியை மருத்துவரின் கணினிக்கு அனுப்புகிறோம். சிறிய பொதி போய்த் திரும்புகிறது. சுரங்கத்தின் இரு முனைகளிலும் வலை எண் மாறியிருந்தால் சிறிய பொதியும் போயிராது. ஆகவே அந்த ஐயம் நீங்கியது. இனிப் பொதியைப் பெரிதாக்குவோம். வழியில் துண்டாக்கக் கூடாது என்ற குறிப்பையும் சேர்ப்போம். 1000 பைட் போகிறது, 1472 போகவில்லை. இடையில் எங்கோ எல்லை இருக்கிறது. ஒவ்வொன்றாக 472 முறை சோதிக்க வேண்டுமா? வேண்டாம். நடுவே உள்ள 1236ஐச் சோதியுங்கள். போனால் மேல்பாதி, போகாவிட்டால் கீழ்பாதி. இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் 9 சோதனைகளில் எல்லை பிடிபடும். 1422 போகிறது, 1423 போகவில்லை.

இந்தச் சோதனைப் பொதிக்குத் தலைப்புகள் 28 பைட். 1422உடன் 28ஐக் கூட்டினால் 1450. 1500 எங்கே, 1450 எங்கே? குறைவது சரியாக 50. வெளியுறையின் கணக்கைப் பாருங்கள்: ஈதர்நெட் தலைப்பு 14, இணைய முகவரித் தலைப்பு 20, யு.டி.பி. தலைப்பு 8, வி.எக்ஸ்.லேன் தலைப்பு 8. மொத்தம் 50! குற்றவாளி பிடிபட்டான். வெளியுறை போட்ட பொதிக்கு வழியில் எங்கோ இடம் போதவில்லை. பெயரும் வயதும் சிறிய பொதியில் அடங்கின, நுழைந்தன. படத்தின் பொதிகள் ஒவ்வொன்றும் முழு 1500, முட்டி நின்றன.

'பொதி பெரிது' என்று யாரும் சொல்லவில்லையா? நல்ல கேள்வி. சாதாரண சுவிட்சு பெரிய பொதியைப் பேசாமல் எறிந்துவிடும். திசைவி என்னும் சாதனம் அனுப்பியவருக்கு அறிவிப்பு அனுப்பும். ஆனால் அது பார்ப்பது வெளியுறையை மட்டுமே. ஆகவே அறிவிப்பு சுரங்கமுனைக்குப் போகிறது. ஸ்கேன் கணினிக்கு ஒன்றும் தெரியாது. பதில் வராததால் அதே பொதியை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். சுரங்கமுனை பொதியைத் துண்டாக்கலாமே என்றால், விதி அதையும் தடுக்கிறது.

எந்தச் சாதனத்தில் குறை? இப்போது பாதையையும் பாதியாக வெட்டுவோம். ஒரு சுரங்கமுனையிலிருந்து அடித்தள வலையிலேயே 1550 பைட் பொதியை நடுவழி வரை அனுப்பிப் பார்க்க வேண்டும். பிறகு அதில் பாதி. இவ்வாறு போனால், 1500 என்ற பழைய எல்லையிலேயே விடப்பட்ட ஒரு சாதனம் அகப்படும். அதன் எல்லையை 1550க்குக் குறையாமல் உயர்த்தினால் படம் வந்துவிடும். உயர்த்த முடியாத இடத்தில் கணினிகளின் பொதியளவை 1450ஆகக் குறைக்கலாம்.

இயற்பியல் ஆய்வகத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே? சுற்றில் மின்னோட்டம் இல்லையென்றால் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிப் போடுவதில்லை. நடுவில் வோல்ட்மானியை வைத்து, குறை எந்தப் பாதியில் என்று பார்க்கிறோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். கிடைத்த எண்ணை அலட்சியப்படுத்தாமல் 'ஏன் சரியாக இந்த எண்?' என்று கேட்கிறோம். 50 என்ற எண் இங்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது அல்லவா?

முடிவாக உங்களுக்கு ஒரு கணக்கு. அடித்தள வலையின் எல்லை 9000 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வி.எக்ஸ்.லேன் உறைக்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய பொதி எவ்வளவு? பிங் சோதனையில் எந்த எண் வரை போகும்? விடையைக் கண்டுபிடித்து, உங்கள் கணினி ஆசிரியரிடம் காட்டுங்கள்.