தேனீயும் பிறப்புரிமையும்

சென்ற தவணையில் ஒருநாள் நன்னூல் வகுப்பு முடிந்து புத்தகத்தை மூடும் வேளையில், உயிரியலும் பயிலும் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, எங்கள் பாடநூலிலே பிறப்புரிமையியல் என்றொரு பகுதி வருகின்றது. பிறப்பினால் வந்த உரிமை என்றால், அது பின்னர் மாறாது என்பதுதானே பொருள்?" என்று கேட்டான். சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் பழக்கம் நான் பழக்கியது. அந்த மகிழ்ச்சியில் ஆராயாது "ஆம்" என்று விடை கூறிவிட்டேன்.

அன்றிரவே அந்த "ஆம்" என்னை உறுத்தத் தொடங்கிற்று. தமிழ்ப் பண்டிதனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். மாணவனுக்குத் தவறாக விடை பகர்ந்தவனுக்கு எத்துறையிலும் வேலை உண்டு. நண்பராகிய விஞ்ஞான ஆசிரியரிடம் என் ஐயத்தைச் சொன்னேன். அவர் தேனீக்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றைத் தந்து, பொருள் விளங்காத இடங்களில் உடனிருந்து விளக்கியும் உதவினார். நம் நாட்டு நூல்கள் பரம்பரையலகு என்பதும் தமிழகத்தார் மரபணு என்பதும் ஒன்றே என்பதை இளம் வாசகர் நினைவிற் கொள்க.

ஐரோப்பியத் தேனீக்களில் வேலைக்காரத் தேனீ, கோடையில் ஏறத்தாழ ஆறு வாரமே உயிர்வாழ்வது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் அது கூட்டை விட்டகலாது குடம்பிகளுக்கு உணவூட்டும். அகப்பொருள் பயின்றோர் அதனைச் செவிலி என்றே அழைக்கலாம். பின்னர் ஒருநாள் வெளியே பறந்து, தேனும் மகரந்தமும் தேடிக் கொணரும் தொழிலை மேற்கொள்ளும். இருள் சூழ்ந்த அறையிற் குழந்தை வளர்த்திருந்தது, காதக்கணக்காகப் பறந்து வழிமறவாது மீளும் பயணியாகி விடுகின்றது. இதற்கிடையே அதன் பரம்பரையலகுகளில் ஒன்றேனும் புதிதாக வந்து சேரவுமில்லை, ஒன்றேனும் கழிந்து போகவுமில்லை. அங்ஙனமாயின் மாறியது யாது?

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் இவ்வினாவையே தம் வாழ்நாட்பணியாக்கிக் கொண்டவர். பெயர் ஜீன் றொபின்சன். பரம்பரையலகுக்கு ஆங்கிலத்தார் வழங்கும் பெயரும் ஜீன் என்பதே. இஃது இடுகுறியோ காரணமோ என்று என் மாணவர் கேளாதிருப்பாராக! அவரும் அவர்தம் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்விலே, தேனீயின் மூளையில் ஏறத்தாழ 5,500 பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை அளந்து பார்த்தனர். செவிலிக்கும் உணவு தேடுவதற்கும் இடையே அவற்றுள் நூற்றுக்கு 39 பங்கு வேறுபட்டு நின்றன. மூளையின் இந்தக் கணக்கை மட்டும் கொண்டு, 60 தேனீக்களில் 57இன் தொழில் இன்னதெனப் பிழையின்றிச் சொல்ல முடிந்தது.

வயதேறியதனால் வந்த மாற்றம் இஃது என்று தள்ளிவிடலாமே எனின், அதற்கும் விடை உண்டு. அன்று பிறந்த தேனீக்களை மாத்திரம் கொண்டு ஒரு குடியமைத்தால், அவற்றுட் சில ஒரு வாரமளவிலேயே உணவு தேடப் புறப்பட்டு விடுகின்றன. முதியவை மாத்திரம் உள்ள குடியிலோ, சில மீண்டும் செவிலித் தொழிலை ஏற்கின்றன. வயதைவிடக் கூட்டின் நிலையே தொழிலைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. கூட்டின் நிலையை ஓர் ஈ அறியும் வழிகளுள் ஒன்று 2004இல் வெளிப்பட்டது. எதைல் ஒலியேற்று என்னும் பொருள் உணவு தேடும் முதிய தேனீக்களிடம் மிகுதியாக உண்டு. அதனைப் பெறும் இளந்தேனீக்கள் வெளிப்படுவது தாமதிக்கின்றது. முதியவை குறையின் அப்பொருளும் குறைய, இளையவை விரைந்து புறப்படுகின்றன. மூத்தோர் இருக்குமட்டும் இளையோர் அடங்கியிருப்பது நம்மூர்ச் சபைகளிலும் காணாத காட்சியன்று.

என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது 2012இல் வெளியான ஆய்வு. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அன்ட்ரூ பைன்பேர்க்கும், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக் குறோ அம்டமும் தத்தம் குழுவினருடன் கூடி அதனைச் செய்தனர். உணவு தேடும் தேனீக்கள் வெளியே சென்றிருந்த நேரம் பார்த்து, கூட்டிலிருந்த செவிலிகளையெல்லாம் அகற்றிவிட்டனர். திரும்பி வந்தவை கண்டது, ஊட்டுவாரின்றிக் குடம்பிகள் கிடக்கும் கூடு. அவற்றுள் ஒரு பகுதி பறத்தலை விடுத்துச் செவிலிகளாயின. எஞ்சியவை பழைய தொழிலையே தொடர்ந்தன.

இனி, மூளையைச் சோதித்தனர். பரம்பரைப் பொருளின் மீது மெதைல் என்னும் சிறு இரசாயனக் கூறு ஆங்காங்கே ஒட்டியிருப்பதுண்டு. தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ககரத்தின் தலையிலே ஒரு புள்ளியை இடுகின்றோம். எழுத்து அழியவில்லை, ஆயினும் ஒலி வேறாகிவிடுகின்றது. புள்ளியை நீக்கின் பழைய ஒலி மீளும். மெதைலும் அத்தகைய ஓர் அடையாளமே. செவிலிக்கும் உணவு தேடுவதற்கும் இவ்வடையாளம் 155 இடங்களில் வேறுபட்டிருந்தது. மீண்டும் செவிலியானவற்றிலோ, அவற்றுள் 57 இடங்கள் செவிலிக்குரிய பழைய நிலைக்கே திரும்பியிருந்தன. ஒரு நடத்தை மாறி மீள, அதனோடு இவ்வடையாளங்களும் மாறி மீண்டமை எந்த உயிரினத்திலும் அதற்கு முன் காட்டப்பட்டதில்லை என்று ஆராய்ந்தோர் எழுதினர். பழைய ஓலைச்சுவடிகளில் எழுத்தாளர் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. ஏடு கிழியும் என்ற அச்சம் அவர்க்கு. படிப்போன் முன்னும் பின்னும் நோக்கி, மெய்யோ உயிர்மெய்யோ என்று துணிவான். தேனீக்கு முன்னும் பின்னும் உள்ளவை அதன் கூட்டத்தாரே.

பிறப்பு ஒன்றுமேயில்லை என்று இதனாற் கொள்ளுதல் கூடாது. ஆபிரிக்க வழிவந்த தேனீக்கள் ஐரோப்பியத் தேனீக்களினும் சினம் மிக்கவை. அவ்வேறுபாட்டிற் பிறப்பிற்கும் பங்குண்டு. ஆனால் 2009இல் றொபின்சன் குழுவினர் கண்டது சிந்திக்கத்தக்கது. பரம்பரையால் வேறுபட்டு நின்ற பரம்பரையலகுகளுட் பல, அபாய மணம் பட்ட மாத்திரத்தில் எந்தத் தேனீயிலும் தொழிற்பாடு மாறுவனவாகவே இருந்தன. பிறப்புத் தொடுவதும் சூழல் தொடுவதும் பெரும்பாலும் ஒரே நரம்பை.

இவ்விடத்தில் என் கையெழுத்தொன்று நினைவுக்கு வருகின்றது. நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவனாக இருந்த காலம். வகுப்பில் வாய்திறவாத பையன் ஒருவனது தேர்ச்சி அறிக்கையிலே "இயல்பிலேயே மந்தம்" என்று எழுதினேன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அவனுடைய குடும்பம் வன்னிக்குச் சென்றுவிட்டது. பல ஆண்டுகள் கழிய என்னைக் காண வந்தான். சிறுவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியனாகியிருந்தான். மரத்தடியிலே பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடஞ்சொல்லத் தொடங்கியதாம் அவன் தொழில். "உனக்கு அந்தத் துணிவு எப்படி வந்தது?" என்று வியந்து கேட்டேன். "அங்கே வேறொருவரும் இருக்கவில்லை, ஐயா" என்றான். ஈயின் மூளையிற் கண்டதை மனிதர்மேல் ஏற்றிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. விஞ்ஞான ஆசிரியரும் அவ்வாறே எச்சரித்தார். எனினும் 2012ஆம் ஆண்டு ஆய்வைப் படித்தபொழுது, வெறுங்கூட்டுக்குத் திரும்பிய தேனீக்களோடு அவன் முகமும் தோன்றிற்று. நான் எழுதிய அந்த இரண்டு சொற்களும் தோன்றின.

மறுவாரம் வகுப்பிலே என் "ஆம்" என்பதை அனைவர் முன்னிலையிலும் மீட்டுக்கொண்டேன். வினவிய மாணவன் விடுவதாயில்லை. "அப்படியானால் பிறப்புரிமையியல் என்ற சொல்லையே மாற்றவேண்டுமா, ஐயா?" என்றான். "உன் அப்பாவின் காணி உறுதி எங்கே இருக்கின்றது?" என்று கேட்டேன். "பெட்டிக்குள்" என்றான். "காணியில் இப்போது என்ன நிற்கின்றது?" என்றேன். "சென்ற வருடம் புகையிலை, இவ்வருடம் வெங்காயம்" என்றான். சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு சிரித்தான். இந்த உவமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுவருமாறு அவனையே அனுப்பியிருக்கிறேன்.