சிறு நாயும் பெரும் பசியும்

உள்ளங்கையில் அடங்கும் நாய்க்குட்டியைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? பெரிய நாய்க்கு இடம் வேண்டும், நிறைய உணவு வேண்டும். இச்சிறு நாய்க்கோ அறையின் ஒரு மூலையும் கைப்பிடிச் சோறும் போதாவா என்று நம் மாணவ நண்பர்கள் சிலர் எண்ணுவதுண்டு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பிழை என்பதைக் காளிகாட்டில் ஒரு தை மாதக் காலைப்பொழுது எனக்குக் கற்பித்தது.

நான் குடியிருக்கும் வீட்டு அம்மையாரை மாஷிமா என்று அழைப்பது வழக்கம். அவர் சிவாவா இனக் குட்டி ஒன்று வாங்கினார். பெயர் கோக்கா, வங்காளியில் சிறு பையன் என்று பொருள். அப்பொழுது அதற்குப் பத்து வாரம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. உறவினர் திருமணத்திற்குச் சென்ற மாஷிமா, ஓரிரவு அதை என்னிடம் ஒப்படைத்து, படுக்குமுன் உணவு கொடுக்கச் சொன்னார். ஆய்வுக்கூடத்திலிருந்து களைத்து வந்த நான், குட்டி உறங்குவதைக் கண்டு எழுப்பாமல் விட்டுவிட்டேன்.

காலையில் அது நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்தது. உடல் சில்லிட்டிருந்தது. நிறுத்தினால் நிற்கவில்லை. பதறிப்போய் மாஷிமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். “சர்க்கரையைக் குழைத்து ஈறில் தடவு பாபா! வாயில் ஊற்றாதே, புரை ஏறிவிடும்!” என்றார். தடவினேன். கம்பளியில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். வழியிலேயே அது கண் திறந்தது. “இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும்” என்றார் மருத்துவர்.

ஓரிரவுப் பட்டினி ஓர் உயிரைக் குடிக்குமா? இதன் காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. பானைச் சோறு நெடுநேரம் சுடுகிறது. அதிலிருந்து எடுத்த ஒரு கவளமோ உடனே ஆறிவிடுகிறது. உடலின் வெப்பம் தோல் வழியே வெளியேறுகிறது. 27 கிலோ எடையுள்ள நாயையும், அதே வடிவில் 1 கிலோ எடையுள்ள குட்டியையும் ஒப்பிட்டால், கிலோ ஒன்றுக்குக் குட்டியின் தோற்பரப்பு மூன்று மடங்கு. ஆகவே அது விரைவில் குளிர்கிறது. அதை ஈடுசெய்ய எடைக்கு மிஞ்சிய உணவு வேண்டியிருக்கிறது. சேமிப்போ மிகச் சிறிது. கல்லீரலில் உள்ள சர்க்கரை இருப்பு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு மூளைக்கு உணவில்லை.

உருவ அளவு உயிர்களின் வாழ்வை எவ்வாறு ஆளுகிறது என்பதை 1926-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் 1957-இல் இந்நகருக்கே வந்து, இந்தியப் புள்ளியியல் நிலையத்தில் பணியாற்றினார். அவர் சொன்ன உண்மையை நான் படித்திருந்தேன், கோக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

சிவாவா மெக்சிகோ நாட்டு இனம். அந்நாட்டின் ஒரு மாநிலத்தின் பெயரே இதற்கும் பெயர். வளர்ந்த பின்னும் பொதுவாக 3 கிலோவுக்கு உட்பட்டே இருக்கும். “டீ கப் நாய்” என்று விற்பவர் சொல்வது தனி இனமன்று. மிகச் சிறிய குட்டிக்கு வைத்த வியாபாரப் பெயர். தாயிடமிருந்து எட்டு வாரத்திற்கு முன் பிரித்த குட்டியை வாங்கலாகாது.

மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையாவது உணவு தருக. கடைசி வேளை படுக்குமுன். குட்டிகளுக்கென்று விற்கும் உணவே ஏற்றது. நம் வெங்காயச் சாம்பாரும், உலர்திராட்சை இட்ட பாயசமும், சாக்லெட்டும் நாய்க்கு நஞ்சு. குளிர்காலத்தில் கம்பளியும், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியும் படுக்கையில் இருக்கட்டும். கோடையில் நண்பகல் தார்ச்சாலையில் நடத்தாதீர்.

இவ்வினத்தில் பலவற்றுக்குக் கைக்குழந்தைபோல் உச்சிக்குழி மூடாதிருக்கும். தலையில் அடிபடாமல் காக்க. கட்டிலிலிருந்து குதித்தாலும் கால் முறியலாம். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டையே நல்லது, மூச்சுக்குழல் மெல்லியது.

பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போடுக. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். குடற்புழு மருந்தும் மறவாதீர். ஊசிகள் முடியுமுன் தெருவில் இறக்கிவிட வேண்டாம். சோர்வு, நடுக்கம், தள்ளாட்டம் கண்டால் ஈறில் சர்க்கரையோ தேனோ தடவி, சூடாகப் போர்த்தி, உடனே மருத்துவரிடம் செல்க. சர்க்கரை முதலுதவியே, சிகிச்சை அன்று.

நண்பர்களே, காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்கு அறை திரும்பும் நம்மைப் போன்றோர் இக்குட்டியை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் அன்பு. பகலெல்லாம் வீட்டில் ஒருவர் இருந்தால் மகிழ்வோடு வளர்க்கலாம். கோக்கா இன்று ஓராண்டு நிரம்பிய நாய். நான் படியேறும் ஓசை கேட்டால் வாலாட்டி வருகிறது. அன்றைய இரவை அது மறந்துவிட்டது, நான் மறக்கவில்லை.