தோம்பும் தூரிகையும்

தோம்பு என்னுஞ் சொல் எம்மவர்க்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில் காணிகளையும் அவற்றின் உடையாரையும் பதிந்து வைத்த ஏடு அது. அச்சொல்லைத் தம் நூலொன்றின் பெயரிற் சேர்த்துக்கொண்டார், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் ஆசிரியராய் விளங்கும் ஓவியர் தா. சனாதனன். நிறைவுறாத தோம்பு எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட அந்நூல் 2011இல் வெளிவந்தது.

நூலின் அமைப்பைக் கூறுவோம். போரினால் வீடிழந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், அவ்வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு கேட்டார். அவர்கள் வரைந்தது ஓரிடத்தில்; அதனையே அளவுகோல் பிடித்துத் திருத்தி வரைந்த கட்டடப்படம் அடுத்து; அதன்பின் ஓவியரின் சொந்தச் சித்திரம். பார்வைக்கோ அது கந்தோர்க் கோவையொன்றைப் போன்றது. கட்டடப்படம் ஒழுங்கானது; ஆயினும் நடுங்கிய கை இழுத்த கோணற் கோடே வீட்டுக்குடையவர் இன்னாரென்று சாட்சி சொல்கின்றது என்பது எமது துணிபு.

இக்கலைப்போக்கின் உறவினரை அறியச் சற்றே கடல் கடத்தல் வேண்டும். 1960களில் அமெரிக்கச் சிற்பிகள் சிலர், கைத்தடமே புலப்படா வண்ணம் தொழிற்சாலையிற் செய்வித்த பெட்டிகளையும் தகடுகளையுங் கலையென வைத்தனர். மினிமலிசம் என்பர் இதனை. அதன் ஒழுங்கை ஏற்றும் அதன் குளிர்ச்சியை ஏலாது அடுத்து வந்தோருள் தலையாயவர் ஏவா ஹெஸ்ஸே. 1936இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்து, நாசிகளுக்குத் தப்பிக் குழந்தைப் பருவத்திலேயே நாடு நீங்கியவர். கயிறும் றப்பர்ப் பாலுங் கொண்டு சிற்பஞ் சமைத்து, 1970இல் 34ஆம் வயதில் மறைந்தார். றப்பர்ப் பால் நாட்படக் கறுத்து நொறுங்குமென்பதை மாத்தளைப் பக்கத்தார்க்கு எவருஞ் சொல்ல வேண்டியதில்லை; அவர் சிற்பங்கள் பலவற்றுக்கும் அக்கதியே நேர்ந்தது. 1971இல் ரொபேட் பிங்கஸ்-விற்றன் என்னும் விமரிசகர் இப்போக்கினைப் பின்மினிமலிசம் என்றழைத்தார். லூசி லிப்பார்ட் 1976இல் ஹெஸ்ஸேயைப் பற்றி எழுதிய நூல் மாணவர் தேடிப் படிக்கத்தக்கது.

சனாதனனுக்கு அம்முத்திரையை இடுதல் எமது நோக்கமன்று. அவர் கல்வி டில்லியில், கவலை யாழ்ப்பாணத்தில். எனினும் கைத்தடத்தையும் அழிவையும் மறையாது வைக்கும் அந்நேர்மை இருவர்க்கும் பொது.

எல்கடுவையில் இருந்து இதனை எழுதுங்கால் வேறொன்று உறுத்துகின்றது. இழந்த வீட்டை வரைய, முன்னொரு வீடு தன்னதாய் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? லயன் காம்பிராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தார்க்கு உறுதியுமில்லை, தோம்புமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பெரும்பாலார்க்குக் குடியுரிமையும் இல்லாதொழிந்தது. காம்பிராக்கள் எல்லாம் ஓரளவின. கட்டடக் கலைஞர் வரையின் ஒரே படந்தான் வரும். ஆனால் அடுப்பு எம்மூலையில், சாமிப்படம் எச்சுவரில், மழை எவ்விடத்தில் ஒழுகும் என்பதை ஒவ்வொரு மூதாட்டியும் வேறுவேறாகவே வரைவார். எமது கல்லூரிச் சித்திர வகுப்பினர் ஒரு விடுமுறைக்குத் தாளும் பென்சிலுமாய் இங்கு வருவாராயின், இருக்க இடந்தர நாம் ஆயத்தம்.