உங்களுக்குத் தெரியுமா? சோடாக் கம்பனிக்குள் ஒரு சூப்பர் மார்க்கெட்

கல்லடிப் பாலத்தடியில் வெயிலுக்கு உடைத்துக் குடிக்கிற யானை மார்க் ஜிஞ்சர் பியரின் கம்பனி, 1866இல் கொழும்பில் ஐஸ் கம்பனியாகத் தொடங்கியது. இன்று அது ஜோன் கீல்ஸ் குழுமத்தின் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ். அதன் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தையில் கிடைக்கும். மட்டக்களப்பில் இருந்தபடியே வாங்கலாம். ஆனால் வாங்குவது சோடாவை மட்டுமல்ல. ஐஸ்கிறீமும் கூடவே வரும். கீல்ஸ் சூப்பர் மார்க்கெட்டுகளை நடத்துவதும் இதன் துணைக் கம்பனிதான். ஆகவே, இவர்களின் நெக்டோ சோடா நல்லாய் ஓடுது என்று பெட்டிக்கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பிக் காசைப் போட்டுவிடாதீர்கள்! வரியையும் பார்க்கவேண்டும். 2017 நவம்பரில் மென்பானங்களில் உள்ள சீனிக்கு கிராமுக்கு 50 சதம் வரி வந்தது. விலை ஏறியது, கம்பனிகள் சீனியைக் குறைத்துக் கலவையையே மாற்றின.